கேசினோவில் டீலரோடு ஆடும் மூன்று சீட்டு போக்கர்: போவதற்கு முன் கற்றுக்கொள்வது எப்படிங்க?

பனியன்_பேக்கிங் (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் பார்க்கிறேன். தீபாவளிக்கு முந்தின ஷிப்மென்ட் எல்லாம் போனதும் கம்பெனி லீவில் நாங்கள் ஐந்து பேர் கோவா போகிறோம். மாண்டவி ஆற்றில் நிற்கிற கேசினோ கப்பலுக்கு ஒரு ராத்திரி போவது என்று மச்சான் முடிவு பண்ணிவிட்டார். அங்கே டீலரோடு ஆடுகிற மூன்று சீட்டு போக்கர் இருக்கிறது, அதுதான் சுலபம் என்கிறார். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.

எங்கப்பா மாரியம்மன் நோம்பி நடக்கிற மூணு நாளும் சாவடித் திண்ணையில் மூணு சீட்டு ஆடுவார். சின்ன வயசில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு வருசம் எருமை விற்ற காசு ஒரே ராத்திரியில் போய்விட்டது. அன்றிலிருந்து அம்மா வீட்டுக்குள் சீட்டுக் கட்டையே விட்டதில்லை. அதனால் பார்த்துத் தெரியுமே தவிர ஆடித் தெரியாது.

எங்கள் பக்கம் வரிசை இப்படி: ட்ரிப்பிள் (மூன்றும் ஒரே எண்), ஒரே கலர் ரன் (ஒரே சின்னத்தில் அடுத்தடுத்த மூன்று), சாதா ரன், கலர் (மூன்றும் ஒரே சின்னம்), ஜோடி, அப்புறம் பெரிய சீட்டு. கேசினோவிலும் இதேதானா? எப்போது ஆட வேண்டும், எப்போது சீட்டைக் கீழே போட வேண்டும்? பேர் பிளஸ் என்று இன்னொரு கட்டம் இருக்கிறதாமே, அதில் வைக்கலாமா? கையில் 10,000 ரூபாய் எடுத்துப் போவதாக இருக்கிறேன். போனால் போகட்டும் என்று ஒதுக்கின காசுதான். ஆனால் தெரியாமல் உட்கார்ந்து விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

நூல்_கமிஷன் (பெருந்துறை)

தம்பி, நீங்கள் போவதற்கு முன்னால் கேட்கிறீர்கள். நான் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன், அதற்கு 180 சிங்கப்பூர் டாலர் ஆச்சு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு 61 வயசு, நூல் கமிஷன் வியாபாரம். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை ஒரு கேசினோ வாசல் வரைக்கும் கூட்டிப் போனார். 21 வயசு ஆன வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுச் சும்மா உள்ளே போகலாம். அந்த ஊர்க் குடிமக்களும் பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கினவர்களும் ஒரு நாளைக்கு 150 டாலர் கட்ட வேண்டும். மாப்பிள்ளை பிஆர். வெளியே காபி கடையில் உட்கார்ந்துகொண்டார், நான் மட்டும் போனேன்.

மூன்று சீட்டு என்றதும் நம்ம ஆட்டம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். சொந்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் ஊரில் பிராக் என்று ஒரு பழைய மூன்று சீட்டு ஆட்டம் உண்டு. நம்ம மூணு சீட்டும் அதன் வழிதான் என்பார்கள். இந்தக் கேசினோ ஆட்டத்தை 1994-ல் டெரெக் வெப் என்ற பிரிட்டிஷ் போக்கர் ஆட்டக்காரர் உண்டாக்கினார். ஆக பங்காளி ஆட்டங்கள்தான். ஆனால் ஆடுகிற புத்தி முற்றிலும் வேறு.

முதலில் ஆட்டம். உங்கள் முன்னால் துணியில் மூன்று கட்டம் அச்சடித்திருக்கும்: ஆன்டி, பிளே, பேர் பிளஸ். சீட்டுப் போடுவதற்கு முன்னால் ஆன்டியில் சிப் வைக்க வேண்டும். உங்களுக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று சீட்டு, எல்லாம் கவிழ்த்தபடி. உங்கள் சீட்டை நீங்கள் பார்க்கலாம். அதற்குப் பிறகு உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு முடிவு. ஆடுவதென்றால் ஆன்டியில் எவ்வளவு வைத்தீர்களோ சரியாக அவ்வளவே பிளே கட்டத்தில் வைக்க வேண்டும். வேண்டாம் என்றால் சீட்டைக் கொடுத்துவிடலாம், ஆன்டி போய்விடும். கூட்டி வைப்பது, மறுபடி கூட்டுவது, ஷோ கேட்பது, பக்கத்து ஆளோடு போட்டி, எதுவும் கிடையாது. மேசையில் ஏழு பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் டீலரோடு மட்டும்தான்.

அப்புறம் டீலர் தன் சீட்டைத் திறப்பார். இங்கேதான் நான் தடுமாறினேன். டீலருக்கு ராணியோ அதற்கு மேலோ இருந்தால்தான் அவர் கை கணக்கில் சேரும். ஜாக்கியோடு நின்றுவிட்டால், நீங்கள் என்ன வைத்திருந்தாலும் ஆன்டிக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று கொடுப்பார்கள், பிளேயில் வைத்தது அப்படியே திரும்பி வரும். ராணி இருந்து நீங்கள் ஜெயித்தால் இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று. தோற்றால் இரண்டும் போகும். சமமாக வந்தால் இரண்டும் உங்களுக்கே திரும்பும்.

எனக்கு வந்தது 7, 8, 9. வேறு வேறு கலர், சாதா ரன். ஆன்டி 15 டாலர், பிளே 15 டாலர். டீலர் திறந்தது ஜாக்கி, 8, 3. ஆன்டிக்கு 15 கொடுத்தார், ரன் வந்ததற்கு போனஸ் என்று இன்னொரு 15 வைத்தார், பிளேயில் இருந்த மூன்று சிப்பை விரலால்கூடத் தொடவில்லை. ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். நான் அந்தச் சிப்பையும் டீலர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் துணியில் அச்சடித்திருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். டீலர் கைக்கு ராணி வேண்டும் என்ற வரி. அவ்வளவு நேரமாக என் முழங்கை அதன் மேல்தான் இருந்திருக்கிறது.

அந்த போனஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆன்டியைப் போல ரன்னுக்கு 1 மடங்கு, ட்ரிப்பிளுக்கு 4, ஒரே கலர் ரன்னுக்கு 5 என்பது வழக்கமான பட்டியல். டீலர் கை எப்படி இருந்தாலும் இது உண்டு.

வரிசையில் ஒரு மாற்றம் இருக்கிறது, கவனியுங்கள். நம்ம ஊரில் ட்ரிப்பிள்தான் தலை. அங்கே ஒரே கலர் ரன் தலை, ட்ரிப்பிள் அதற்குக் கீழே. மற்றதெல்லாம் நீங்கள் எழுதின மாதிரியே. இன்னொன்று, ஏஸ்-2-3 நம்ம ஆட்டத்தில் இரண்டாவது பெரிய ரன். அங்கே அதுதான் எல்லாவற்றிலும் சின்ன ரன்.

எப்போது ஆடுவது? ராணி-6-4. இந்த மூன்றையும் மனப்பாடம் பண்ணுங்கள். உங்கள் கை அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் ஆடுங்கள், கீழே இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் யோசனையே வேண்டாம். ஏஸோ ராஜாவோ இருந்தாலும் ஆடலாம். பெரிய சீட்டு ஜாக்கிதான் என்றால் கீழே போட்டுவிடுங்கள். ராணி என்றால் மட்டும் இரண்டாவது சீட்டைப் பார்க்க வேண்டும்: 7 அல்லது அதற்கு மேல் என்றால் ஆடலாம், 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் கீழே போட்டுவிடலாம். சரியாக 6 வந்தால் மூன்றாவது சீட்டு 4 அல்லது 5 இருக்க வேண்டும்.

ராணி-6-4 ஜெயிக்கிற கை இல்லை தம்பி. அதை வைத்து ஆடினாலும் சராசரியாக நட்டம்தான். ஆனால் கீழே போட்டால் முழுசாக ஒரு ஆன்டி போகும், ஆடினால் அதைவிட ஒரு இம்மி குறைவாகப் போகும். அதற்குக் கீழே இறங்கினால் ஆடுவதில்தான் நட்டம் அதிகம். எல்லைக் கல் அந்த இடத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இவ்வளவும் சரியாக ஆடினாலும் ஆன்டியில் 100-க்கு 3.37 வீதம் வீட்டுக்காரன், அதாவது கேசினோ பக்கம் போகும். 100 ரூபாய் ஆன்டி வைத்து 100 கை ஆடினால் சராசரியாக 337 ரூபாய். நடுவில் ஏறும், இறங்கும், சில ராத்திரி லாபத்தோடுகூட எழுந்து வரலாம். நாம் ஆடுகிற விதத்தால் இந்தச் சராசரியை நம் பக்கம் திருப்ப வழி கிடையாது.

பேர் பிளஸ் தனிப் பந்தயம். டீலரோடு சம்பந்தமே இல்லை, உங்களுக்கு ஜோடியோ மேலோ வந்தால் காசு. உட்காருவதற்கு முன்னால் துணியில் கலருக்கு எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஒரே கலர் ரன், ட்ரிப்பிள், ரன், கலர், ஜோடி என்ற வரிசையில் 40, 30, 6, 4, 1 மடங்கு என்று இருந்தால் வீட்டுக்காரன் பங்கு 100-க்கு 2.32. அதே பட்டியலில் கலருக்கு 4-க்குப் பதில் 3 என்றால் 7.28. ஒரே ஒரு எண்தான் மாறுகிறது, நம்ம நட்டம் மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. 3 போட்டிருந்தால் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

10,000 ரூபாய் பற்றி: கையில் இருப்பதை 20-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வருகிற தொகைக்கு மேல் ஆன்டி கேட்கிற மேசையில் உட்கார வேண்டாம். ஒவ்வொரு கைக்கும் இரண்டு பங்கு தேவைப்படும் என்பதைப் புதுசாகப் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 500 ரூபாய் மேசை என்றால் ஒரு கைக்கு 1,000.

கடைசியாக, வீட்டில் ஆடிப் பாருங்கள். நான் ஊருக்குத் திரும்பி வந்து அதைத்தான் செய்தேன். ஒரு கட்டுச் சீட்டு, ஒரு வட்டல் நிறையப் புளியங்கொட்டை, வீட்டுக்காரி டீலர். ஒவ்வொரு கையையும் நோட்டில் குறித்துக்கொண்டு 100 கை. அதற்குமேல் ராணி-6-4 தானாக வந்துவிடும். அதைவிட முக்கியமாக, கொட்டை எப்படிக் கரைகிறது என்று கண்ணால் பார்ப்பீர்கள்.

பனியன்_பேக்கிங் (திருப்பூர்)

அண்ணா, ரொம்ப நன்றிங்க. இரண்டு தடவை படித்துவிட்டேன். ஒரு சந்தேகம். எங்கப்பா பாதி ஆட்டம் சீட்டே பார்க்காமல் பிளைண்ட் ஆடுவார். ஒன்றுமே இல்லாத கையை வைத்துக்கொண்டு வெற்றிலையை மென்றபடி காசை ஏற்றி ஏற்றி எதிராளியை எழுப்பிவிடுவார். அந்தச் சாமர்த்தியத்துக்கு அங்கே இடமே இல்லையா?

நூல்_கமிஷன் (பெருந்துறை)

இல்லைங்க தம்பி. என் 180 டாலரில் பாதி அப்படித்தான் போச்சு.

நம்ம ஆட்டத்தில் பிளைண்டுக்கு ஒரு லாபம் உண்டு, பார்த்து ஆடுகிறவன் இரண்டு மடங்கு வைக்க வேண்டும். இங்கே பார்க்காமல் ஆடினாலும் அதே காசுதான். பார்த்திருந்தால் கீழே போட்டிருக்க வேண்டிய கைக்கும் பணம் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஏய்ப்பதும் அப்படியே. ஜாக்கி, 9, 4 வந்தது எனக்கு. முப்பது வருசமாக மில் முதலாளிகள் எதிரில் உட்கார்ந்து விலை பேசினவன் நான். முகத்தில் ஒன்றும் காட்டாமல், நிதானமாக, ரொம்ப நம்பிக்கையோடு பிளேயில் மூன்று சிப்பை வைத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. டீலர் பயந்து எழுந்து போக முடியாது, கீழே போட முடியாது, முடிவு எடுக்கிற உரிமையே அவருக்குக் கிடையாது. சீட்டைத் திறக்கிறார், எது பெரிசோ அதற்குத் தக்கபடி எடுக்கிறார் அல்லது கொடுக்கிறார். உங்கப்பா எதிராளியின் கண்ணைப் பார்த்து ஆடினார். இங்கே பார்ப்பதற்குக் கண் இல்லை. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு போங்கள், மற்றதெல்லாம் எண்.

மேசைப் பழக்கம் கொஞ்சம் சொல்கிறேன். காசை டீலர் கையில் கொடுக்கக் கூடாது, துணி மேல் வைக்க வேண்டும். சீட்டை மேசைக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. பக்கத்தில் இருக்கிற மச்சானுக்கு உங்கள் சீட்டைக் காட்டக் கூடாது. சீட்டு போட ஆரம்பித்த பிறகு ஆன்டிச் சிப்பைத் தொடவே கூடாது.

கணக்கு_டீச்சர் (கரூர்)

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சேர்மானம் (காம்பினேஷன்) நடத்துகிறவள் என்பதால் எழுதுகிறேன். ட்ரிப்பிளை ஏன் கீழே இறக்கினார்கள் என்பது எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

52 சீட்டில் மூன்றை எடுக்க 52 × 51 × 50 ÷ 6 = 22,100 வழி. ட்ரிப்பிள்: 13 எண், ஒவ்வொன்றுக்கும் நான்கு விதம், ஆக 52. ஒரே கலர் ரன்: ஏஸ்-2-3 முதல் ராணி-ராஜா-ஏஸ் வரை 12 ரன், நான்கு கலர், ஆக 48. அரிதாக வருவது எதுவோ அது மேலே. நம்ம ஊர் வரிசை ட்ரிப்பிளின் அழகுக்காக மேலே வைத்திருக்கிறது போல, எண்ணிக்கைப்படி கேசினோ வரிசைதான் சரி.

சாதா ரன் 720, கலர் 1,096, ஜோடி 3,744. எல்லாம் கூட்டினால் 5,660. அதாவது நான்கு கையில் ஏறக்குறைய ஒரு கைக்குத்தான் ஜோடியாவது வரும். மீதி 16,440 வெறும் பெரிய சீட்டு. பேர் பிளஸில் வைக்கிற தம்பிகள் இந்த 16,440-ஐ ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளலாம். பெரியவர் சொன்ன 2.32, 7.28 இரண்டையும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. கலர் 1,096 முறை வருவதால், அதற்கு ஒரு பங்கு குறைத்தாலே 22,100-ல் 1,096 பங்கு அவர்கள் பக்கம் போய்விடுகிறது. அதுதான் அந்த ஐந்து சதவீத வித்தியாசம்.

ரிக்_வண்டி (திருச்செங்கோடு)

ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். பழகுவதற்கு என்று போனில் காசு கட்டி ஆடுகிற ஆப் எதையும் இறக்காதீர்கள் தம்பி. போர்வெல் வண்டியோடு வெளி மாநிலத்தில் இருந்தபோது ராத்திரி பொழுது போகாமல் ஒன்றை இறக்கினேன். மூன்று மாதத்தில் இரண்டு லட்சம். பொண்டாட்டிக்குத் தெரிந்தது நகைச் சீட்டு கட்டுகிற அன்றைக்குத்தான். இப்போது 2025-ல் வந்த மத்தியச் சட்டம் காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களையே தடை பண்ணிவிட்டது. ஆனாலும் லிங்க் அனுப்புகிறவர்கள் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

கப்பலில் காசு தீர்ந்தால் எழுந்து வந்துவிடலாம். போன் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பெரியவர் சொன்ன புளியங்கொட்டையே போதும்.

நூல்_கமிஷன் (பெருந்துறை)

திருச்செங்கோட்டுத் தம்பி, வெளியே சொன்னதற்கு நன்றிங்க. அது லேசான காரியம் இல்லை.

திருப்பூர் தம்பி, இன்னொன்று விட்டுப்போச்சு. அங்கே போனால் அந்தர் பாஹர் மேசையும் இருக்கும். பார்த்ததும் நம்ம உள்ளே-வெளியே என்று தெரிந்துவிடும், கூட்டமும் அதில்தான் நிற்கும். தெரிந்த ஆட்டம் என்று மச்சான் இழுப்பார். ஒதுக்கின காசை இரண்டு மேசைக்கும் பிரிக்காதீர்கள். ஊரில் திரும்பி வந்து மூணு சீட்டுக்குக் காசு வைத்துக் கூட்டம் சேர்க்கவும் வேண்டாம், இங்கே 1930-ஆம் வருசத்துச் சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கிறது.

பனியன்_பேக்கிங் (திருப்பூர்)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்ங்க, மன்னிக்கணும். கடைசி ஷிப்மென்டில் அட்டைப்பெட்டி மார்க்கிங் மாறிப்போய், எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியதாகிவிட்டது.

வீட்டில் 200 கை ஆடிவிட்டேன். முதல் நாள் மச்சான் டீலர். 100 கொட்டையோடு ஆரம்பித்தேன். 100 கையில் 34 முறை கீழே போட்டேன். ஆடின 66-ல் டீலருக்கு ராணி வராதது 19 முறை. முடிவில் கையில் 83 கொட்டை. பேர் பிளஸுக்குத் தனியாக 100 கொட்டை வைத்து, கலருக்கு 3 என்ற கணக்கில் ஆடினேன், அது 81 ஆச்சு. ராணி வரும்போது இரண்டாவது சீட்டைப் பார்க்கிற பழக்கம் ஐம்பதாவது கைக்கு மேல்தான் வந்தது. அதுவரைக்கும் ராணியைக் கண்டதும் கை தானாகப் பிளேக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது நாள், புளி கொட்டை எடுத்து வைத்திருந்த டப்பா காணோம் என்று அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டார். சீட்டுக் கட்டைப் பார்த்துவிட்டு நின்றார். நான் எதையும் மறைக்கவில்லை, நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். எருமை விஷயத்தை இங்கே எழுதினதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீலரு கையில ராணி இல்லாட்டி வெச்ச காசத் திருப்பிக் குடுத்துருவாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பறம் எப்படிக் காசு போகுது?" என்றார். அதைச் சொல்லத் தெரியாமல், நீங்களே போடுங்கம்மா என்று கட்டைக் கொடுத்தேன்.

மச்சானை எழுப்பிவிட்டு அம்மா டீலராக உட்கார்ந்தார். நூறு கையும் அவர்தான் போட்டார். அன்றைக்கு எனக்கு 112 கொட்டை வந்தது. பேர் பிளஸ் 97. நான் ஜெயித்துவிட்டேன் என்று சொன்னபோது அம்மா முதல் நாள் பக்கத்தைத் திருப்பி, இரண்டு நாளையும் கூட்டச் சொன்னார். ஆன்டியில் 200-க்கு 195, பேர் பிளஸில் 200-க்கு 178. பென்சிலை வாங்கி 195-க்குக் கீழே அவரே ஒரு கோடு போட்டார்.

அப்புறம் பீரோவில் வைத்திருந்த 10,000-ஐ எடுத்து எண்ணி, 4,000-ஐத் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். மீதி 6,000. அண்ணன் சொன்னபடி 20-ஆல் வகுத்தால் 300. 300 ரூபாய் ஆன்டி மேசை இருந்தால் உட்காருவது, கலருக்கு 3 போட்டிருந்தால் பேர் பிளஸைத் தொடாமல் இருப்பது, மேசை அதற்கு மேல் என்றால் நின்று பார்த்துவிட்டு வருவது என்று மச்சானும் நானும் பேசி வைத்திருக்கிறோம்ங்க. வியாழக்கிழமை ராத்திரி கிளம்புகிறோம்.